டர்போவை மாற்றுமுன் கிளச்சைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பலாலி வீதியில் இரவு நேரத்தில் காதைப் பிளந்துகொண்டு ஓடும் கார்களைப் பற்றி வாசகர்கள் உங்கள் பத்திரிகைக்கு எழுதிவருகிறார்கள். எழுதட்டும், எனக்கும் நித்திரை கெடுகிறது. ஆனால் அப்படியான கார் ஒன்று என் வீட்டு வளவிலேயே நிற்பதால் சத்தத்தைப் பற்றி வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை. நான் எழுத வந்தது வேறு விடயம். அந்தக் காருக்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்குமுன் 185,000 ரூபாவை நாங்கள் தண்ணீராய் விட்டோம். வேறு வீடுகளிலும் இது நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. 31 வருடம் பௌதிகவியல் படிப்பித்தவள், அவ்வளவுதான்.

கார் என் மகனுடையது. 1997ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா. 1.3 லீற்றர் எஞ்சின், அதற்குள் காற்றை அமுக்கி ஏற்றும் டர்போ பூட்டியது, புதிதில் 135 குதிரைவலு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் கால் நூற்றாண்டு வயதுக் கார்கள் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கையிலும் ஏதோவொன்று பூட்டப்பட்டு, விலையும் ஏறி எங்களிடம் வந்து சேர்ந்தன. இதுவும் அப்படித் தெற்கிலிருந்து வந்த ஒன்று.

யாழ்ப்பாணத்தில் ஓடும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் எங்கள் நிலம். பருத்தித்துறையிலிருந்து பண்ணை வரை மேடு என்று சொல்ல ஒரு மேடு இல்லை. ஒரு கலியாணத்துக்காகக் கண்டிக்குப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மாத்தளை தாண்டிப் பலகடுவ ஏற்றத்தில் நாங்கள் நான்கு பேரும் பலகாரப் பெட்டிகளும் ஏறிக்கொண்டிருக்கிறோம். மகன் அக்சிலேற்றரை மிதிக்கிறான், எஞ்சின் அலறுகிறது, கார் மட்டும் அதே வேகத்தில் ஊருகிறது. பிறகு ஒரு மணம். தும்புத்தடி அடுப்பில் விழுந்தால் வருமே, அந்த மாதிரி. கலியாண வீட்டில் என் சேலையிலும் அது அடித்தது.

என் தகப்பனார் ஏ40 கார் வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல், ஒரு சிறு போத்தல் பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலத்துக் கார். உதிரிப்பாகம் கிடைக்காத காலம் என்பதால் எதையும் கழற்றுமுன் ஒரு நாள் முழுக்க யோசிப்பார். கிளச் என்பது எஞ்சினையும் கியர் பொக்ஸையும் உராய்வால் இணைத்துப் பிரிக்கும் உறுப்பு. அது போனால் அதன் தட்டில், அதாவது பிளேற்றில், பதித்த உராய்வுப் படையான லைனிங்கை உரித்துப் புது லைனிங்கை றிவிற் அடித்துப் போட்டுக்கொள்வார்கள். "எஞ்சின் ஓடுது, கார் நடக்குது எண்டால் கிளச்" என்பார். பலகடுவவில் அது என் நினைவுக்கு வந்தது, சொன்னேன். "அது பழைய காருக்கு அம்மா, இது டர்போ" என்று மகன் சொன்னான். நானும் விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பியதும் ஒரு கராஜுக்குப் போனோம். பெயர் வேண்டாம். டர்போ கார் இழுக்கவில்லை என்றால் டர்போ பிழை என்றார்கள். பழைய டர்போ ஒன்று தேடிப் போட்டாயிற்று. மாற்றமில்லை. அடுத்த இடத்தில் பிளக், பிளக் வயர், டிஸ்ரிபியூற்றர் மூடி, இன்டர்கூலருக்குப் போகும் றப்பர் குழாய்கள் எல்லாம் புதிது. அதற்கும் மாற்றமில்லை. மூன்றாவதாகப் போன இடம் கோண்டாவில் ஒழுங்கை ஒன்றுக்குள் தகரக் கொட்டில் போட்டு வேலை செய்யும் ஒரு பெடியனிடம். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, "ரீச்சர், நான் உங்களிட்ட ஓ.எல். படிச்சனான்" என்றான். எனக்கு முகம் பிடிபடவில்லை. புள்ளியையும் கேட்கவில்லை.

அவன்தான் முதன்முதலாகக் கிளச்சைச் சோதித்தவன். நிறுத்தி வைத்தபடியே கைப்பிறேக்கை இழுத்து, மூன்றாம் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டான். எஞ்சின் உடனே நின்றுவிட்டது. "பாத்தீங்களா ரீச்சர், கிளச் பிடிக்குது. வழுக்கினால் எஞ்சின் நிண்டிராது" என்றான். இது எல்லாக் கராஜிலும் செய்கிற சோதனைதான். முற்றாகத் தேய்ந்துபோன கிளச்சை இது காட்டிக்கொடுக்கும், பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரம் எஞ்சின் சும்மா ஓடுகிற வேகத்தில் நிற்கிறது. டர்போ இன்னும் கண் விழிக்கவில்லை. எஞ்சின் முறுக்கிச் சுழற்றும் முழுப் பலத்தில், அதாவது முறுக்குத் திறனில், ஒரு சிறு பங்கைத்தான் அந்தக் கிளச் தாங்குகிறது. எட்டாம் வகுப்புத் தவணைப் பரீட்சையை வைத்து ஒரு பிள்ளை உயர்தரம் சித்தி என்று சொல்வதுபோல இருந்தது எனக்கு.

கிளச் தாங்கக்கூடிய முறுக்குத் திறன் நான்கு சங்கதிகளில் தங்கியிருக்கிறது: லைனிங்கின் உராய்வுக் குணகம், பிளேற்றை அழுத்திப் பிடிக்கும் பிறஷர் பிளேற்றின் விசை, உராயும் வளையத்தின் சராசரி ஆரை, உராயும் முகங்களின் எண்ணிக்கை. டர்போ காற்றை அமுக்கும் அழுத்தமான பூஸ்டைக் கூட்டினால் இந்த நான்கில் ஒன்றுகூடக் கூடுவதில்லை. கூடுவது எஞ்சின் பக்கம் மட்டும்தான். அதனால் இப்படி மாற்றம் செய்த காரில் பிளேற் தேயாமலே கிளச் வழுக்கலாம். வழுக்கலும் முதலில் எல்லா வேகத்திலும் வராது. பூஸ்ட் நிறைந்து முறுக்குத் திறன் உச்சத்துக்கு வரும் நடு வேகத்தில், மூன்றாம் கியருக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். முதலாம் கியரில் பூஸ்ட் நிறையுமுன்பே கியர் மாற்றும் நேரம் வந்துவிடுகிறது. நிறைந்தாலும் கிளச்சுக்கு முன்னம் முன் ரயர் வழுக்கிவிடும்.

சரி, அப்படியென்றால் எப்படிப் பிடிப்பது? கியர் மாறாமல், கிளச் வழுக்காமல் ஓடும் காரில் எஞ்சினின் சுற்று எண்ணிக்கையும் வண்டி வேகமும் நேர்விகித சமம். இது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. ஒரு ஞாயிறு விடிய ஆனையிறவு வெளிக்குப் போனோம். நேர் றோட்டு, ஆள் நடமாட்டம் இல்லை. மகன் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து வேகமானியும் சுற்றுமானியும் தெரியும்படி கைத்தொலைபேசியில் படம் பிடித்தேன். முதலில் அமைதியாக ஓடி எடுத்த அளவு: மூன்றாம் கியரில் மணிக்கு 40 கிலோமீற்றரில் நிமிடத்துக்கு 1,800 சுற்று, 60 இல் 2,700. அதாவது மணிக்கு ஒரு கிலோமீற்றர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 45 சுற்று. வேகமானி கொஞ்சம் கூட்டிக் காட்டினாலும் கவலையில்லை, எங்களுக்கு வேண்டியது விகிதம்தான்.

இனிப் பாரம் ஏற்ற வேண்டும். நான்காம் கியரில் செய்தால் இன்னும் வடிவாகத் தெரியும். ஆனால் வேக எல்லை 70, அதைத் தாண்ட நான் விடவில்லை. ஏற்றமும் இல்லாத ஊர். அதனால் பிறேக்கைத்தான் ஏற்றமாக்கினோம்: மூன்றாம் கியரிலேயே 55 இல் வந்து வலது காலால் அக்சிலேற்றரை முழுக்க மிதித்து, இடது காலால் பிறேக்கை மெல்ல அணைத்துப் பிடிப்பது. இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் கூடாது, பிறேக்கும் கிளச்சும் சேர்ந்து வெந்துவிடும். பின்னால் வாகனம் வரும்போது நினைக்கவே கூடாது.

அன்று பின்னேரம் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். வேகமானி 58. கணக்குப்படி 2,610 சுற்று இருக்க வேண்டும். முள் காட்டியது 3,300. அக்சிலேற்றரை விட்டதும் முள் பொத்தென்று விழுந்து பழைய விகிதத்தில் உட்கார்ந்தது, வேகம் குறையவில்லை. மகன் ஒன்றும் கதைக்கவில்லை.

"ரயர் வழுக்கியிருக்கலாம்தானே" என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். வேகமானிக்கு அளவு போவது கியர் பொக்ஸில் சில்லுக்குப் போகும் பக்கத்திலிருந்து. ரயர் வழுக்கினால் சுற்றோடு சேர்ந்து வேகமானியும் ஏறும். சுற்று மட்டும் தனியே ஓடினால் இடையில் நிற்பது கிளச் ஒன்றுதான். டர்போ பிழை, குழாயில் காற்று ஒழுக்கு, பிளக் பிழை என்றால் எஞ்சின் பலம் இல்லாமல் மெதுவாகச் சுற்று ஏறும், அல்லது வெட்டி வெட்டி இழுக்கும். விகிதத்தை மீறி முந்தாது. எங்கள் காரில் எஞ்சினுக்குப் பலம் போதாததல்ல பிரச்சினை, அந்தப் பலம் சில்லுக்குப் போய்ச் சேராததுதான். முதல் இரண்டு கராஜிலும் சுற்றுமானியை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பெடியன் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். அப்புறம் அவனே ஒரு நல்ல வேலை செய்தான். டர்போவில் பூஸ்ட் மிஞ்சாமல் காக்கும் வேஸ்ட்கேட் வால்வுக்குப் போகும் மெல்லிய குழாயை விரலால் தடவிக்கொண்டே போய், இடையில் செருகியிருந்த சின்னப் பித்தளைத் திருகு ஒன்றைக் கண்டுபிடித்தான். முந்தைய சொந்தக்காரர் பூஸ்டைக் கூட்டப் போட்டது. பூஸ்ட் கூடியதைக் கண்டு எஞ்சின் கொம்பியூட்டர் எரிபொருளை வெட்டிவிடாமல் ஏமாற்ற ஒரு குட்டிப் பெட்டியும் டாஷ்போர்டுக்குக் கீழ் இருந்தது. அளந்து பார்த்தால் பூஸ்ட் 0.9 பார். திருகைக் கழற்றியதும் 0.6. கூடினது மூன்று தசமந்தானே என்று நினைக்கக் கூடாது. வளிமண்டலம் ஏற்கெனவே ஏறத்தாழ ஒரு பார் தருகிறது. ஆகவே 1.6 ஆக இருந்தது 1.9 ஆகிறது, எஞ்சினுக்குள் போகும் காற்றும் முறுக்குத் திறனும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் கூடுகிறது. 25 வருடக் கிளச் இதற்குக் கையெழுத்து வைக்கவில்லை.

திருகைக் கழற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தோம். 58 இல் 2,600. இதைவிட மலிவான சோதனை இல்லை, ஒரு குறடு போதும். பூஸ்டைக் குறைக்க வழுக்கல் நின்றால் பிழை எங்கே என்று கடவுளிடம் கேட்கத் தேவையில்லை.

ஒரு மாதம் அப்படியே ஓடியது. ஆனால் ஒருமுறை வெந்த லைனிங் பெரும்பாலும் பழைய உராய்வுக்குத் திரும்புவதில்லை. குறைந்த பூஸ்டிலும் மெல்லக் காட்டத் தொடங்கவே கியர் பொக்ஸை இறக்கினோம். இறக்குமுன் பெடலில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்றும் பார்த்தோம். தளர்வே இல்லாவிட்டால் நல்ல கிளச்சும் முழுக்கப் பிடிக்காமல் வழுக்கும், அதைச் சரிசெய்யக் காசு போகாது. எஞ்சினின் பின் ஒயில் சீல் ஒழுகி லைனிங் நனைந்திருக்கிறதா என்றும் பார்த்தோம். இரண்டும் இல்லை. பிளேற்றில் லைனிங் நிறைய இருந்தது. றிவிற் வரை போக இன்னும் தூரம். ஆனால் முகம் கண்ணாடிபோல மினுங்கியது, பிளேற் உரசும் எஞ்சின் பக்கச் சில்லான பிளைவீலில் வெந்த நீலத் திட்டுக்கள். தடிப்பை மட்டும் பார்த்திருந்தால் "பிளேற் நல்லம்" என்று திரும்பப் பூட்டியிருப்பார்கள். பிளைவீலை லேத்தில் போட்டு முகம் சீவினோம். கை வைத்தது வைத்ததுதான் என்று அந்த ஒயில் சீலையும் மாற்றிவிட்டோம். கடைக்காரர் ஆறு வில்லை ஒட்டிய பட்டன் கிளச் எடுக்கச் சொன்னார். ஓட்டப் பந்தயத்துக்கு அது நல்லது. கஸ்தூரியார் வீதி நெரிசலில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கார் உதறும் என்று பெடியன் சொன்னான். சாதாரண லைனிங் பிளேற்றும் அழுத்தம் கூடிய பிறஷர் பிளேற்றும் போட்டோம்.

கராஜ் நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். டர்போவையோ கியர் பொக்ஸையோ கழற்றுமுன் பாரம் ஏற்றி ஒருமுறை ஓட்டி, வேகம் எவ்வளவு, சுற்று எவ்வளவு என்று இரண்டு எண்ணை பில்லில் எழுதித் தாருங்கள். காரை விற்பவர்கள் எதையெதைத் திருகினீர்கள் என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

எங்களுக்கு விற்றவர் தமிழ் வாசிப்பாரோ தெரியாது. அவருடைய பித்தளைத் திருகு என் மேசையில், விடைத்தாள் கட்டின் மேல் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்.