சாதத்துக்கு மட்டும் அளவு வையுங்கள்: ஓட்டல், மெஸ் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டல், மெஸ் முதலாளிகளுக்கு,

வணக்கம். மோட்டார் பம்பு விற்கும் கம்பெனியில் ரெப்பாக இருக்கிறேன். திருச்சி, கரூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டே இருக்கும் பிழைப்பு. காலை டிபன், மதியச் சாப்பாடு இரண்டும் பெரும்பாலும் உங்கள் கடைகளில்தான். ருசியில் குறை சொல்ல இதை எழுதவில்லை. வத்தக்குழம்பு வைப்பதில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான் கேட்க வந்தது வேறு. மதியச் சாப்பாட்டில் சாதத்தைக் குறைத்துக்கொண்டு காய்கறியையும் பருப்பையும் கூடுதலாக வாங்கிக்கொள்ள எங்களுக்கு ஒரு வழி வையுங்கள். ஓசியில் கேட்கவில்லை, காசு கொடுத்துத்தான்.

எனக்கு 'பார்டர் சுகர்'. எச்பிஏ1சி 6.1. கடந்த இரண்டு மூன்று மாதங்களாக ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டும் பரிசோதனை அது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் நின்றால் என் கட்சி. வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தாலும் இதே கட்சிதான். "மாத்திரை இப்ப வேண்டாம், சாப்பாட்டை மாத்துங்க, நடங்க, தொப்பையைக் குறைங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். நடப்பது என் கையில். வீட்டில் இருக்கும் நாளில் சாப்பாடும் என் கையில். மற்ற நாட்களில் அது உங்கள் வாளியில்.

ஒரு தனி ஆளின் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு (ஐ.சி.எம்.ஆர்) சேர்ந்து 'இண்டியாப்' என்ற ஆய்வில் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தது. 2023-இல் வெளிவந்த கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர், பார்டரில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர். 20 வயதைத் தாண்டியவர்களில் 11.4 சதவீதம், 15.3 சதவீதம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். நாலு பேர் உட்காரும் உங்கள் மேஜையில் ஒருவராவது நாங்கள்தான். எங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாமலும் இருக்கலாம், ஏனென்றால் பார்டரில் வலியும் கிடையாது, மயக்கமும் கிடையாது.

சாப்பாட்டை மாற்றினால் நிஜமாகவே பலன் உண்டா என்பதற்கும் நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. பார்டரில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டு பின்தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். சாப்பாடு, நடை இரண்டையும் தொடர்ந்து சொல்லிச் சொல்லித் திருத்தியவர்களில் அது 39. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதேதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது தனிப் பலன் ஒன்றும் கூடவில்லை. ஒரு மாத்திரை செய்யும் வேலையை ஒழுங்கான தட்டு செய்கிறது என்றால் அந்தத் தட்டை நிரப்புகிறவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஏதாவது ஒரு டயட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். யோசனைக்குப் பஞ்சமே இல்லை. சோற்றைத் தொடாதே என்கிறது பேலியோ. பதினாறு மணி நேரம் பட்டினி கிட என்கிறார் ஒருவர். தினை, வரகுக்கு மாறு என்கிறார் இன்னொருவர். ஆபீசில் ஒருவர் ஓட்ஸ் கஞ்சியை டப்பாவில் கட்டிக்கொண்டு வந்து முகத்தைச் சுளித்தபடி குடிக்கிறார். பேலியோவில் சர்க்கரை இறங்கியவர்களை எனக்குத் தெரியும். கல்யாணம், கிடா வெட்டு, அத்தை வீட்டு விருந்து எல்லாவற்றையும் தாண்டி வருஷக்கணக்கில் அதில் நின்றவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. என்னைப் போல ஊர் ஊராகப் போகிறவன் பின்பற்றக்கூடிய டயட் எதுவாக இருந்தாலும் அது உங்கள் அடுப்பில் ஏற்கெனவே இருக்கும் பண்டத்தால்தான் ஆக வேண்டும். கூட்டு இருக்கிறது, பொரியல் இருக்கிறது, கீரை, பருப்பு, மோர், முட்டை, மீன் எல்லாம் இருக்கிறது. சேர்மானத்தில் ஒன்றும் குறையில்லை. அளவுதான் தலைகீழாகக் கிடக்கிறது.

உங்கள் பந்தியையே பாருங்கள். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்ததும் பொரியல் ஒரு கரண்டி, கூட்டு ஒரு கரண்டி, ஊறுகாய், அப்பளம். அதைத் தொடுவதற்குள் சாத வாளி பின்னாலேயே வந்துவிடும். அகப்பையால் ஒரு குன்று. சாம்பாருக்குக் குழி பறிக்கும்போதே அடுத்த ஆள் வத்தக்குழம்போடு நிற்பார். பிறகு ரசத்துக்குச் சாதம், மோருக்குச் சாதம். "போதும்" என்று கையை மறைத்தாலும் விரல் சந்தில் ஒரு கரண்டி விழும். உபசாரம்தான், புரிகிறது. அதே ஆளிடம் "இன்னும் கொஞ்சம் பொரியல்" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நொடி கல்லாவைப் பார்ப்பார். "எக்ஸ்ட்ரா தனி சார்." முழுச் சாப்பாடு என்றால் சாதம் எவ்வளவு வேண்டுமானாலும், பொரியல் ஒரே தடவை. அளவுச் சாப்பாடு வாங்கினால் எல்லாவற்றுக்கும் அளவு, பொரியலுக்கு இன்னும் கறாரான அளவு.

இதில் என் உடம்புக்கு என்ன ஆகிறது என்றால், குளுக்கோஸை 100 என்று வைத்து ஒரு உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று அளக்கிறார்கள். 70 என்றாலே அதிகம். மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் அளந்ததில் பொன்னி அரிசி 70, சோனா மசூரி 72. வேகம் ஒரு பக்கம், அளவு இன்னொரு பக்கம். ஒரு கப் சோற்றில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. நீங்கள் சர்வசாதாரணமாக மூன்று கப் போடுகிறீர்கள். 100 கிராம் சோற்றில் புரதம் மூன்று கிராமைத் தொடாது, நார்ச்சத்து அரை கிராம்கூடத் தேறாது. அதே எடை வேகவைத்த கொண்டைக்கடலையில் புரதம் எட்டு ஒன்பது கிராம், நார் ஏழு கிராமுக்கு மேல். நாரும் புரதமும் கூட இருந்தால் மாவு மெதுவாகச் செரித்து, சர்க்கரை ஒரேயடியாக எகிறாமல் ஏறும்.

"சுகர்னா சப்பாத்தி சாப்பிடுங்க சார்" என்று உங்கள் சர்வர் அக்கறையாகச் சொல்வார். அந்த அக்கறைக்கு நன்றி. ஆனால் அதே இண்டியாப் ஆய்வுக்காரர்கள் 2025-இல் நம் தட்டைப் பற்றி எழுதியதைப் பாருங்கள். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அரிசியை விட்டுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மொத்த மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரதத்தை வைத்தால் குறைகிறது என்பது அதன் சாரம். ஆகவே மூன்று சப்பாத்தியும் எண்ணெய் மிதக்கும் குருமாவும் எனக்குப் பெரிய விமோசனம் இல்லை. அதிக விலை போட்டு 'மில்லட் ஸ்பெஷல்' என்று விற்கிறீர்களே, அந்த நெய்ப் பொங்கலும் இல்லை. சிறுதானியம் நல்லதுதான், முழுசாக, அளவாக இருந்தால். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் கேழ்வரகும் சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. அரிசி மூட்டையாக வாங்கி அடுக்கலாம், கெடாது, ஒரு ஆள் ஒரே அடுப்பில் நூறு பேருக்கு வடித்துவிடுவார். பீன்ஸ் அப்படியா? இன்று ஒரு விலை, மழை பெய்தால் வேறு விலை. வாங்க வேண்டும், நார் உரிக்க வேண்டும், நறுக்க வேண்டும், மிஞ்சினால் ராத்திரிக்கு ஆகாது. வயிற்றை நிரப்பக் குறைந்த செலவு சாதம்தான், அதனால்தான் அது தாராளமாக வருகிறது. கூலி வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு அந்தத் தாராளம் வேண்டும். அதில் கை வைக்கச் சொல்லும் உரிமை எனக்கில்லை. எனவே முழுச் சாப்பாட்டை அப்படியே விடுங்கள். பலகையில் இன்னொரு வரி மட்டும் எழுதுங்கள்: 'அரைச் சாதம், இரண்டு பங்கு காய், ஒரு கிண்ணம் பருப்பு அல்லது சுண்டல்.' விலை முழுச் சாப்பாட்டு விலையே இருக்கட்டும். காய் விலை ஏறும் மாதத்தில் பத்து இருபது ரூபாய் கூடப் போடுங்கள், கொடுக்கிறேன். இப்போது நாங்கள் இலையில் ஒதுக்கிவிட்டுப் போகும் சாதமும் உங்கள் காசுதானே.

காய் எல்லாமே காய் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கு வறுவலும் சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டும் கணக்கில் சேராது. கோஸ், பீன்ஸ், புடலை, சுரைக்காய், வாழைப்பூ, கீரை, இப்படி ஏதாவது.

இன்னொன்று, இது செலவே இல்லாதது. சாத வாளியை ஐந்து நிமிஷம் தாமதமாக அனுப்புங்கள். அமெரிக்காவில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-இல் சர்க்கரை நோயாளிகளை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். ஒரே சாப்பாடு, ஒரு நாள் ரொட்டி முதலில், இன்னொரு நாள் காய்கறியும் கோழியும் முதலில், ரொட்டி கடைசியில். காயும் கறியும் முதலில் போன நாளில் ஒரு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருந்தது. ஆட்கள் வெறும் 11 பேர்தான், அதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நம் இலையிலும் காய்தான் முதலில் வருகிறது, தின்ன விடுவதில்லை, அவ்வளவுதான். மதியம் ஒன்றரை மணிக்கு மேஜைக்குப் பின்னால் ஆள் நிற்கும்போது ஐந்து நிமிஷம் பெரிசு என்பீர்கள். எல்லாருக்கும் வேண்டாம். கேட்கிறவருக்கு மட்டும்.

கரூர் பக்கம் ஒரு சின்ன மெஸ். நடத்துகிற அக்கா வாளியை எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் "சாதம் எவ்வளவுப்பா?" என்று கேட்பார். "ஒரு கரண்டி போதும்க்கா" என்றால் ஒரு கரண்டிதான் விழும். அந்த இடத்தில் கீரைக் கடைசல் ஒரு பெரிய கரண்டி வந்து உட்காரும், கூடவே ஒரு அவித்த முட்டை, முட்டைக்கு மட்டும் தனிக் காசு. இதற்காக அவர் எந்தப் பலகையும் வைக்கவில்லை. மதியம் ஒரு மணிக்கு மேல் போனால் அங்கே இடம் கிடைப்பதில்லை.

காலை டிபனைப் பற்றிச் சுருக்கமாக. இட்லி, பொங்கல், பூரி, தோசை, எதை எடுத்தாலும் மாவு. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. அடை என்று ஒரு நல்ல பண்டம் இருக்கிறது, பாதிக்குப் பாதி பருப்பு. அதைப் பல கடைகளில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் ஊற்றுகிறீர்கள். காலையில் ஒரு கல்லில் அடையோ பெசரட்டோ ஊற்றினால் என்ன? சுண்டலையும் நவராத்திரிக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்க வேண்டாம். ஒரு கிண்ணம் சுண்டலோடு இரண்டு இட்லி சாப்பிட்டால் மூன்றாவது இட்லியை வயிறு கேட்காது.

காபிக்குச் சர்க்கரையைத் தனியாகக் கொடுங்கள். "கம்மியா போடச் சொல்லியிருக்கேன் சார்" என்று வரும் டம்ளரின் அடியில் எப்படியும் ஒரு ஸ்பூன் கரையாமல் கிடக்கிறது. சில கடைகளில் பாலிலேயே சர்க்கரையைக் கலந்து காய்ச்சிவிடுகிறார்கள், அங்கே கேட்கவும் வழியில்லை.

கடைசியாகப் பார்சல். ஒரு சாப்பாடு கட்டினால் சாதப் பொட்டலம் இரண்டு பேருக்குக் காணும், பொரியல் ஒரு தீப்பெட்டி அளவுக் கவரில் இருக்கும். அளவைத் திருத்துவதை அங்கிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கும் சுலபம். பார்சலில் பந்தி உபசாரம் எதுவும் இல்லை, கட்டும்போது கரண்டியை மாற்றினால் போதும். அடுத்த வாரம் புதுக்கோட்டைப் பக்கம் வருகிறேன். 'அரைச் சாதம்' என்று யார் கடையில் எழுதியிருந்தாலும் முதல் டோக்கன் எனக்கு.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் சாப்பிட்டுப் பிழைக்கும் ஒரு ரெப்