தீபாவளி அமாவாசையும் பாங்காக் தண்ணீரும்

பாங்காக்,
27.10.2011

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணி, பிள்ளைகள், அம்மா எல்லோர் நலமும் அறிய ஆவல். டி.வி.யில் ஓடும் பாங்காக் வெள்ளப் படங்களைப் பார்த்து அம்மா கலங்க வேண்டாம். அதில் வருவதெல்லாம் வடக்கே டான் முவாங், ரங்சிட் பக்கம். டான் முவாங் விமான நிலையத்தைப் போன செவ்வாய்க்கிழமை மூடிவிட்டார்கள். மாரியம்மன் கோயில் இருக்கும் சீலோம் பக்கம் இன்று வரை காய்ந்துதான் கிடக்கிறது.

நம் கொள்ளிடத்து வெள்ளம் மாதிரி இல்லை இது. முக்கொம்பில் திருப்பிவிட்டால் நமக்கு இரைச்சலோடு வந்து சேரும். இங்கே தண்ணீர் நடந்து வருகிறது. மாத ஆரம்பத்தில் வடக்கே அயுத்தயா ஊரை மூழ்கடித்த தண்ணீர், நகரத்தின் வட எல்லைக்கு வரவே மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். நிலத்துக்கு வாட்டமே கிடையாது. நகரத்தில் பல இடம் கடல் மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. ஆனால் பின்னால் இருக்கும் தண்ணீர் கொஞ்சமல்ல. வடக்கே ‘பூமிபோல்’ என்ற பெயருள்ள அணை ஒன்றே நம் கணக்கில் 475 டி.எம்.சி. பிடிக்கும், ஐந்து மேட்டூர். சிரிகித் அணை இன்னொரு 335. இரண்டும் தளும்ப நிற்கும்போது மழையும் பெய்தால் திறந்துவிடாமல் என்ன செய்வார்கள்?

நேற்று தீபாவளி. அந்த அமாவாசைதான் இப்போது ஊரையே மிரட்டுகிறது. வெள்ளி முதல் ஞாயிறு வரை கடல் ஏறும் நேரத்தில் சாவ் பிரயா ஆறு வடியாது, எதிர்த்து நிற்கும். பழையாறு முகத்துவாரத்தில் பார்த்திருப்பீர்களே, அதேதான். ஆற்றோரச் சுவர் இரண்டரை மீட்டர். ஆறு அதன் விளிம்பைத் தொடப் பார்க்கிறது. இன்றிலிருந்து 31 வரை அரசு விடுமுறை. பாதிப் பேர் பட்டாயாவுக்கும் ஹுவா ஹின்னுக்கும் கிளம்பிவிட்டார்கள். கார்களை மேம்பாலத்து ஓரத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். கடைகளில் தண்ணீர் பாட்டில், நூடுல்ஸ், முட்டை இருந்த தட்டெல்லாம் காலி.

மணல் மூட்டை எப்படி அடுக்குகிறார்கள் என்று போனில் கேட்டீர்கள். சாக்கை முட்ட நிரப்பினால் உருண்டையாகிவிடும், இடைவெளியில் தண்ணீர் கசியும். பாதிக்குக் கொஞ்சம் மேல் நிரப்பி, வாயை மடித்து அடியில் போட்டு, கொத்தனார் செங்கல் வைப்பதுபோல் இணைப்பு விலக்கி வைத்து, ஒவ்வொரு வரிசையையும் மிதிக்க வேண்டும். தண்ணீர்ப் பக்கம் தார்ப்பாய். உயரத்தைப்போல் மூன்று மடங்கு அடி அகலம் இல்லாவிட்டால் சரியும். அவ்வளவு இடம் தெருவில் ஏது? அதனால் கதவுக்குக் குறுக்கே செங்கல் வைத்துப் பூசிவிடுகிறார்கள். சந்துகளுக்குச் சிலிகான் பசை, அது தீர்ந்த கடைகளில் பிள்ளைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண். மூன்றடிக்கு மேல் வெளியே தண்ணீர் நின்றால் தடுக்கக்கூடாது, உள்ளே விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அழுத்தத்தில் வீட்டுச் சுவரே போகும்.

வாசலில் ஆயிரம் மூட்டை அடுக்கினாலும் தண்ணீர் முதலில் வருவது கக்கூஸ் வழியாகத்தான், அண்ணா. தெருச் சாக்கடை நிரம்பியதும் குழாய் வழியே எதிர்த்துக்கொண்டு குளியலறைத் துளையில் குமிழியிடும். வாசல் இன்னும் காய்ந்திருக்கும், கூடத்தில் கணுக்கால் தண்ணீர். பாலித்தீன் பையில் மணல் கட்டி கக்கூஸ் கோப்பைக்குள் இறக்கி, மேலே கல் வைக்க வேண்டும். தரைத் துளைக்கு எண்டு கேப், அதாவது குழாய் வாயை அடைக்கும் மூடி, போட்டு ஒட்ட வேண்டும். வாஷிங் மெஷின் குழாயை எல்லோரும் மறக்கிறார்கள். தரையடித் தொட்டி, பிளாஸ்டிக் டேங்க் எதையும் காலியாக விடக்கூடாது. காலி டேங்க் மிதந்து குழாயைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஃபிரிட்ஜும் அப்படித்தான், மிதந்து கவிழும். காரைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டுகிறார்கள். அதைத் தூணோடும் கட்டாவிட்டால் பக்கத்துத் தெருவில் போய்த்தான் தேட வேண்டும்.

முழுகிச் செத்தவர்கள் போக, கரண்டில் போனவர்களும் உண்டு. தண்ணீர் பிளக் பாயிண்டைத் தொடும் முன்பே, காய்ந்த தரையில் நின்று மெயினை அணைக்க வேண்டும். நனைந்த பிறகு கிட்டப் போகவே கூடாது.

நகரத்தைக் காக்கும் மணல் கரைக்கு வெளியே இருப்பவர்கள் பாடுதான் கஷ்டம். உள்ளே காய்வதற்காக அவர்கள் வீட்டில் தண்ணீர் ஏறி நிற்கிறது. அக்கரையில் உடைப்பெடுத்தால் இக்கரைக்காரன் மூச்சு விடுவானே, அதே கதை. அயுத்தயாப் பக்கம் முன்பு தண்ணீரோடு வளரும் மிதவை நெல் நிறைய உண்டு, நம் காட்டுயானம் மாதிரி. அந்த மாதிரி வயல்கள் இருந்த இடத்தில் இப்போது தொழிற்பேட்டைகள், எல்லாம் தண்ணீருக்குள்.

அங்கே ஐப்பசி அடைமழை பிடிக்கும் முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். கொல்லைக் கழிவறை வாய்க்கால் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கும்பகோணம் போகும்போது நாலு அங்குல எண்டு கேப் இரண்டு வாங்கி வையுங்கள். குழாயை அளந்துகொண்டு போங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி