ஊராத்துறையும் எங்கள் வாசிகசாலைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத் தீவகத்துத் துறைமுக ஊரான ஊர்காவற்துறையின் தொடக்க காலம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாக வாசித்தேன். கட்டுரையாளர் போர்த்துக்கேயரிடமிருந்து தொடங்குகிறார். ஊரின் ஆங்கிலப் பெயரான 'கயிற்ஸ்' என்பது துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது, இங்கிருந்து யானைகள் கப்பலேறின என்பதெல்லாம் சரி. ஆனால் அவர்களுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முந்திய சான்று ஒன்று தீவகத்து நயினாதீவிலேயே இருக்கிறது.

நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள, பொலனறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டைத்தான் சொல்கிறேன். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் பதிப்பித்த அதன் வாசகத்தை நூலகமொன்றில் இருந்து கொப்பியில் வரி வரியாக எழுதினேன். 'ஊராத்துறை' என்ற இடம் வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. ஊர்காவற்துறையின் பழைய பெயர், எங்கள் ஊர்! பரதேசிகள் அங்கே வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறான் அரசன். இன்று நாங்கள் ஏச்சாகச் சொல்லும் அந்தச் சொல் அங்கே பிறநாட்டு வணிகரைக் குறிக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. உடைந்த கப்பலுக்கும் சட்டம் எழுதும் அளவுக்கு இந்தக் கடலில் போக்குவரத்து இருந்திருக்கிறது.

அப்புறம் ஒல்லாந்தரின் தோம்புகள் எனும் காணிப் பதிவேடுகள், கிறிஸ்தவக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள், 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை என்று தேட எவ்வளவோ உண்டு. ஒரு பழைய காணி உறுதியின் எல்லை விபரமே எந்த ஒழுங்கை எப்போது இருந்தது என்று காட்டிவிடும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. எஞ்சியதையாவது காக்க வேண்டாமா? சென்ற வருடம் ஒரு வாசிகசாலையில் பழைய இதழ்களைத் தேடிப் போனேன். அலுமாரி வெறுமையாக இருந்தது. கறையான் பிடித்ததால் நிறுத்து விற்றுவிட்டார்களாம். விற்கமுன் யாரிடமாவது ஒரு சொல் கேட்டிருக்கலாம். 2005 முதல் நூலகம் என்ற இணைய நூலகம் இத்தகைய ஆவணங்களைப் படியெடுத்து எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறதே.

தீவகத்து வாசிகசாலைகள் ஒவ்வொன்றிலும் ஊர் வரலாற்றுக்கென ஓர் அலுமாரி வேண்டும். பெட்டகத்தில் பழைய உறுதி, கடிதம் வைத்திருப்பவர்கள் அவற்றைக் கொடுக்கத் தேவையில்லை, படமெடுக்க விட்டாலே போதும். தங்கள் இதழ் இதை ஒரு வேண்டுகோளாக வெளியிட வேண்டும். கட்டுரையாளர் விரும்பினால் என் கொப்பியைப் படியெடுத்து அனுப்புகிறேன்.

தீவக வாசகர் ஒருவர்