ஒன்றரை முழம் மல்லி

ஏழுகிணற்றுத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நைனா ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து நாலு நாள் ஆகிறது. நேற்று தானாக எழுந்து வாசல் வரை வந்து பேப்பர் எங்கே என்று கேட்டார். சரி, இனி எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நடந்தது என்ன என்று சொல்லத் தேவையில்லை. நைனா பிழைக்கத் திருத்தணியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொள் என்று அவர்கள் சொல்ல, நான் மாட்டேன் என்று சொல்ல, தெருவுக்கே கேட்கிற மாதிரிதானே சண்டை போட்டோம்!

ஸ்டான்லிக்கு வந்து ரத்தம் கொடுத்த பசங்கள், நடுராத்திரியில் ஆட்டோ எடுத்த அண்ணன், தினமும் கஞ்சி வைத்து அனுப்பிய மாடி வீட்டு அக்கா, வார்டில் அம்மாவுக்குத் தன் போர்வையைக் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத பெண், எல்லோருக்கும் நன்றி. திருத்தணி மொட்டைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று திட்டித் தீர்த்த அத்தைகளுக்கும் நன்றிதான். திட்டிக்கொண்டே ராத்திரியெல்லாம் கண் விழித்ததும் அவர்கள்தான்.

அப்புறம், முனையில் பூக்கட்டும் ஆயா. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, பேத்தி படித்துக் காட்டட்டும்.

கிருத்திகைக்கு எங்கள் வீட்டு முருகன் படத்துக்கு ஆயாவிடம்தான் பூ. நைனா ஐசியூவில் இருந்தபோதும் ஒரு கிருத்திகை வந்தது. வீட்டில் நான் மட்டும். வாசலில் கூடையோடு ஆயா. "வேணாம் ஆயா, நான் இப்பல்லாம் சாமி கும்பிடறதில்ல" என்றேன். அந்த இரண்டு வாரத்தில் இதைக் கேட்டவர்கள் அழுதார்கள், இல்லை சபித்தார்கள். ஆயா ஈரத்துணியை விலக்கி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மல்லியை இழுத்து அளந்தாள். இன்னும் அரை முழம் விட்டு நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சாமிக்குன்னு யாரு சொன்னா? உங்கம்மா தலைக்கு. எத்தினி நாளா பூ இல்லாம கீது, எடுத்துனு போ."

காசு நீட்டினேன். "உங்க நைனா வூட்டுக்கு வரட்டும். உங்கம்மா வந்து குடுப்பா."

வாழையிலைப் பொட்டலத்தோடு மின்ட் தெரு முழுக்க நடந்தேன். அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். அந்தப் பதினாறு நாளில் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அப்போதுதான்: "பின்னாடி சரியா இருக்கா பாரு."

நம் வீராசாமி தெருவில் இருந்த வள்ளலார் சின்ன வயதில் கந்தகோட்டத்து முருகனைப் பாடியவர். அவரே 1873இல் வடலூர் பக்கத்து மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிப் பேசியபோது, சைவத்தின் மேல் முன்பு இருந்த பிடிப்பு போய்விட்டது என்று சொன்னார். அத்தைகள் கவனத்துக்கு! ஆனாலும் என்னை அவரோடு சேர்த்துக்கொள்ள மாட்டேன். அவர் சமயத்தை விட்டார், ஆண்டவரை விடவில்லை. நான் எதை விட்டேன், எது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஐசியூ வாசலில் என் வாய் தானாக "முருகா" என்றது. அது பழக்கமா, பயமா, வேறு ஏதாவதா, தெரியாது.

அடுத்த கிருத்திகையிலிருந்து அம்மாவைக் கந்தகோட்டத்துக்கு நானே கூட்டிப்போகப் போகிறேன். வெளியில் நின்று செருப்பைப் பார்த்துக்கொள்வேன். மொட்டை கிடையாது, அதைத் திரும்பக் கேட்காதீர்கள்.

நேற்று சாயங்காலம் அம்மா முனைக்குப் போய்க் காசு கொடுத்தாள். ஆயா ஒரு முழத்துக்கு மட்டும்தான் வாங்கிக்கொண்டாளாம். அரை முழம் கொசுறாம்.