படம் பார்க்கப் பாடத்திட்டமா?

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படப் பட்டியலை அப்பாவிடம் காட்டினேன். எதை முதலில் பார்ப்பது, எதற்குப் பின் எது என்று வரிசை போட்டு, சிலவற்றுக்கு நட்சத்திரக் குறி வேறு. "இது சினிமாவா, பரீட்சைக்குப் பாடத்திட்டமா?" என்று கேட்டுவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். ஆனாலும் இந்த இரண்டாம் பாகங்களைப் பற்றி, "நன்றாக இருந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடாதே" என்று எழுதியிருக்கிறாய். அதனால் சொல்கிறேன்.

'கைதி'யோடு கதை பின்னிய 'லியோ'வை இங்கே தியேட்டரில் பார்த்தோம். 'கைதி' எனக்குப் பிடித்த படம் என்பது உனக்குத் தெரியும். 2019 தீபாவளிக்கு வந்தது. கதாநாயகி இல்லை, ஆட்டம்பாட்டம் இல்லை, ஓர் இரவோடு முடிகிற கதை. அதில் வந்த நெப்போலியன் என்ற அப்பாவிப் போலீஸ்காரர் 'லியோ'வில் தலைகாட்டியதும் அரங்கம் ஆர்ப்பரித்தது. எனக்கும் உறவுக்காரரைக் கண்ட மாதிரி சிரிப்பு. அப்பாதான் என் பக்கம் சாய்ந்து, "யார் இவர்? எதற்கு எல்லோரும் கத்துகிறார்கள்?" என்றார். படத்தின் கடைசியில் ஒரு தொலைபேசிக் குரல் வருகிறதே, அதற்கும் அதே கேள்வி. அவரும் அதே விலை கொடுத்துத்தான் டிக்கெட் வாங்கினார், இல்லையா?

ஓமலூர்ப் பக்கம் பாட்டி ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். அபிமன்யு சாகப் போகிறான் என்பது அங்கே கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னால் நின்றதும், "வந்திருப்பது யார்?" என்று கட்டியக்காரன் கேட்பான். அவர் தன் குலம், கோத்திரம், வந்த காரணம் எல்லாவற்றையும் பாடிய பிறகுதான் திரை விலகும். நேற்று வராதவனும் இன்றைக்கு உட்கார்ந்து பார்க்கலாம். அந்த மரியாதையைத்தான் இந்தப் படங்களிலும் எதிர்பார்க்கிறேன்.

'இந்தியன் 2'-இல் என் குறை வேறு. 1996-இல் வந்த முதல் படத்தை உன்னை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். லஞ்சம் வாங்கிக்கொண்டு பழுதான பஸ்ஸுக்குச் சான்றிதழ் கொடுத்த சொந்த மகனையே ஓர் அப்பா கொல்கிறார். அந்த வீட்டுக்குள் நடக்கும் போராட்டம்தான் படம். அந்த அப்பா சேனாபதி அப்போதே கிழவர், நேதாஜி படையில் இருந்தவர். 2024-இல் அவருக்கு நூறு வயது தாண்டியிருக்க வேண்டும். அவரோ ஒற்றைச் சக்கர வண்டியில் பறக்கிறார். அதைக்கூட மன்னிப்பேன். அவருக்கு இழக்க ஒன்றும் இல்லாமல் போனதை மன்னிக்க முடியவில்லை. முடிவில் மூன்றாம் பாகத்தின் காட்சிகளைக் காட்டி அனுப்புகிறார்கள். இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்றால் எப்படி?

'பொன்னியின் செல்வன்' இந்தக் கணக்கில் வராது. ஐந்து பாக நாவலை 2022-லும் 2023-லும் இரண்டாகப் பிரித்துத் தந்தார்கள். மிச்சக் கதை உண்மையிலேயே இருந்தது.

உன் அக்கா மகளுக்காக, 'லயன் கிங்' சிங்கக் கதையின் முன்கதையான 'முஃபாசா' பார்த்தேன். கிளைக்கதை என்றால் பழைய பெயரை வைத்துக் காசு பார்ப்பது என்றுதான் நினைத்துப் போனேன். தமிழில் முஃபாசாவுக்குக் குரல் அர்ஜுன் தாஸ். 'கைதி'யில் நம்மை நடுங்க வைத்தாரே, அவரேதான். கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன் தம்பியாகத் திரியும் டாக்கா பின்னாளில் வில்லன் ஆவான் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அவன் சிரிக்கிற இடத்தில்கூட என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அளவுக்கு எனக்கு ஒட்டவில்லை. பாட்டுகள் நீளம்.

எனக்கு உண்மையிலேயே பிடித்தது 'இன்சைட் அவுட் 2'. 2015-இல் வந்த முதல் பாகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு சிறுமியின் தலைக்குள் மகிழ்ச்சி, சோகம், கோபம் எல்லாம் ஆட்களாக உட்கார்ந்திருக்கின்றன என்பது சற்று நேரத்தில் பிடிபட்டுவிட்டது. அவளுக்குப் பதின்மூன்று வயதாகிறது, பதற்றம் என்று புதிதாக ஒன்று மூட்டை முடிச்சோடு வந்து சேர்கிறது. வயது கூடினால் கதையும் கூடத்தானே செய்யும்? இரண்டாம் பாகம் எடுக்க இதைவிட நியாயமான காரணம் வேண்டாம். நாளைக்கு என்னென்ன கெடுதல் வரலாம் என்று அந்தப் பதற்றம் இராப்பகலாக ஆள் வைத்துப் படம் வரைய வைக்கிறது. உன் போன் வராத இரவுகளில் என் தலைக்குள்ளும் அந்த ஆட்களுக்கு ஓய்வு கிடையாது, கண்ணு. நல்லவேளை, அவர்கள் வரைவதை நீ பார்ப்பதில்லை.

போன வாரம் ஏற்காடு ரோட்டில், அந்தக் காலத்துப் படக் கம்பெனியான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டும்போது இதையே பேசிக்கொண்டு போனோம். 1965-இல் அவர்கள் 'வல்லவனுக்கு வல்லவன்' எடுத்தார்கள். மறு ஆண்டு 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' இரண்டும். பெயரில்தான் உறவு, கதைகள் தனித்தனி. எதையும் எப்போதும் பார்க்கலாம் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அவருக்கு மூன்றும் ஒன்றாகக் குழம்பிப்போயிருப்பது தனி விஷயம்.

பட்டியலில் 'விக்ரம்' மீதி இருக்கிறது. 'கைதி'யின் தொடர்ச்சி என்கிறாய், நான் பார்த்துவிடுவேன். அப்பா மறுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முன்கதையை நீயே அவருக்குச் சொல். நீ சொன்னால் உட்கார்ந்து கேட்பார்.

அன்புடன்,
அம்மா