மீண்டும் தலைதூக்கும் இரத்தப் புற்றுநோய்: ஊர்ப் பொது நிதிக்கு உங்கள் பங்கு வேண்டும்

எழுவான்கரை, படுவான்கரை உறவுகளுக்கும் கடல் கடந்து வாழும் எம்மவர்களுக்கும் வணக்கம்.

நோயுற்ற பிள்ளைகளுக்காக உங்கள் படலையில் வந்து நின்ற எந்த நாளிலும் நீங்கள் கைவிரித்ததில்லை. இம்முறை எந்தப் பிள்ளையின் படமும் இல்லாமல் வருகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

படுவான்கரைத் தம்பி ஒருவருக்கு, வயது 19, சுகமாகியிருந்த ஏ.எல்.எல். என்ற, வெண்குருதிக் கலங்கள் வேகமாகப் பெருகும் இரத்தப் புற்றுநோய் திரும்பி வந்தது. நோயாளியின் சொந்தக் கலங்களையே மாற்றி ஏற்றும் கார்-டி சிகிச்சைதான் ஆகச் சிறந்தது என்று கேள்விப்பட்டு, அந்தப் பெயரையே துண்டுப்பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் அடித்துக் காசு சேர்த்தோம். நோய் அத்தனை நாள் பொறுக்கவில்லை. உடனே பிளினாடுமொமாப் என்ற மருந்தை ஏற்ற வேண்டும் என்றார் வைத்தியர். கார்-டிக்கென்று தந்த காசை வேறு மருந்துக்கு எடுக்கலாமா என்று வீடு வீடாகக் கேட்டுத் திரிந்ததில் 11 நாள் போயிற்று. அது எங்கள் பிழை.

ஆகவே, நாங்கள் பிந்திக் கற்றதை நீங்களும் அறிய வேண்டும். பிளினாடுமொமாப், புற்றுக்கலத்தின் மேலுள்ள சீடி19 புரதத்தை ஒரு பக்கமும் நோயை எதிர்க்கும் நம் உடலின் டி கலத்தை மறுபக்கமும் பிடித்து இரண்டையும் முட்டவைக்கும். 28 நாள் இரவு பகலாக ஏற்ற வேண்டும். 405 பெரியவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம், வழக்கமான கீமோவில் 4 மாதம், இதில் 7.7 மாதம். இன்னொரு மருந்தான இனோட்டுசுமாப், புற்றுக்கலத்தின் மேலுள்ள சீடி22 என்ற வேறொரு புரதத்தைத் தேடிப்போய்க் கலத்துக்குள் நஞ்சை இறக்கும். வாரம் ஒருமுறை ஒரு மணித்தியாலம் போதும், ஆனால் ஈரல் நாளங்கள் அடைபடும் ஆபத்துண்டு. நோய் அடங்கியோர் நூற்றுக்கு 81 பேர், கீமோவில் 29 பேர். கார்-டியில் நோயாளியின் டி கலங்களையே எடுத்து, ஆய்வுகூடத்தில் மரபணு மாற்றி, சில வாரங்களின் பின் திருப்பி ஏற்றுவார்கள். 25 வயது வரையானோருக்கு அமெரிக்கா 2017 ஓகஸ்டில் அனுமதித்தபோது விலை 475,000 டொலர். இந்தியா 2023 ஒக்டோபரில் அனுமதித்த சொந்தத் தயாரிப்பு அதில் பத்திலொரு பங்களவு.

கார்-டிக்கும் 81 வீதம் என்றே ஆய்வு சொல்கிறது. ஆனால் அது, ஏற்றப்பட்ட 75 பேரில் போட்ட கணக்கு. பதிவானவர்கள் 92 பேர். கலம் தயாராகும்வரை தாக்குப்பிடிக்காதவர்களும் அந்த 92இல் இருந்தார்கள். தம்பியை நினைக்கும்போது இந்த வித்தியாசம் எங்களுக்குச் சிறிதாகத் தெரியவில்லை. சீடி19 மறைந்துபோன நோயிலோ பிளினாடுமொமாப்பும் பலிக்காது, இந்தக் கார்-டியும் பலிக்காது. எது பொருந்தும் என்பதை என்புமச்சைப் பரிசோதனையைப் பார்த்த வைத்தியர்தான் சொல்ல முடியும்.

மருந்து ஏறிய நாட்களில் தம்பியிடம் தினமும் ஒரு வசனம் எழுதச் சொன்னார்கள். மருந்து மூளையைத் தொட்டால் எழுத்துக் கோணும். "மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்திடுவன்" என்று 16 நாள் அதையே எழுதியிருக்கிறார். 17ஆம் பக்கத்தில் 'தீர்த்தம்' கோட்டை விட்டுக் கீழே இறங்குகிறது. அவர் வீடு திரும்பவில்லை. அந்தக் கொப்பியை எங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவந்த தாய் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த புள்ளைக்காவது காசு முன்னுக்கே இரிக்கட்டும் மனே."

அதனால் இந்த நிதி ஒரு பிள்ளையின் பேரிலும் இல்லை, ஒரு மருந்தின் பேரிலும் இல்லை. இரத்தநோய் நிபுணர் கடிதத்தில் எந்த மருந்தை எழுதுகிறாரோ அதற்கே முற்பணம் போகும். பரிசோதனைச் செலவும், 300 கிலோமீற்றருக்கு அப்பால் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அருகில் தாய் தகப்பன் தங்கும் செலவும் இதற்குள் அடங்கும். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமில்லை.

முதல் இலக்கு 50 இலட்சம் ரூபா. வீட்டுக்கு மாதம் 500 ரூபா கேட்கிறோம். முடியாதவர்கள் பிடியரிசி தாருங்கள், விற்று வரவு வைப்போம். வேளாண்மை வெட்டும் நாளில் களத்துமேட்டுக்கே வருவோம், போடியார்மார் ஒரு மூடை நெல் ஒதுக்கிவையுங்கள். இரத்தமும் குருதிச்சிறுதட்டும் கொடுக்கக்கூடிய இளைஞர்கள் தங்கள் இரத்த வகையைப் பதிந்துவிடுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு பறுவத்தன்றும் கோயில், பள்ளிவாசல், தேவாலய அறிவித்தல் பலகைகளில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
நிதிக் குழுவினர், மட்டக்களப்பு