வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விடுகிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம்தானே? மெல்போர்னில் இப்போது குளிர் என்று சொன்னாய், சின்னவனுக்குக் காது மூடித் தொப்பி போட்டு அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை போனில் "வித்துட்டு நிம்மதியா அண்ணன்கிட்ட போய் இரும்மா" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. பேசினால் பாதியில் அழுகை வந்துவிடும், நீயும் பயந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மதுரை வீட்டை நான் விற்கப் போவதில்லை. கோயம்புத்தூருக்குக் கண்டிப்பாகப் போகிறேன், ஆனால் மூன்று வருடத்துக்கு இதை வாடகைக்கு விட்டுவிட்டுப் போகிறேன்.

அப்பா கட்டிய வீடு என்கிற பாசம் இதில் இருக்கிறது. ஆனால் பாசம் மட்டும்தான் காரணம் என்றால் உன் பேச்சைக் கேட்டு விற்றிருப்பேன். நாலு சுவரை வைத்துக்கொண்டு பிள்ளைகளை அலைக்கழிக்கிற ஆள் இல்லை நான்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அது உன் பக்கம்தான் சாய்கிறது. தரகர் கொண்டுவந்த பார்ட்டி சென்டுக்குப் பதினெட்டு லட்சம் தருகிறார். நாலு சென்டுக்கு 72 லட்சம். கட்டடத்துக்கு ஒரு பைசா கிடையாது. முப்பது வருடப் பழைய வீடு, இடித்துவிட்டுத்தான் கட்டுவாராம். பத்திரத்தில் பாதித் தொகையைக் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்று வேறு கேட்டார். இருபதாயிரத்துக்கு மேல் ரொக்கமாக வாங்கினாலே சட்டப்படி தப்பு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

முழுத் தொகையையும் காட்டி விற்றால் வரி எவ்வளவு என்று ஆடிட்டரிடம் கேட்டேன். 1994-இல் வாங்கிய மனை, 96-இல் கட்டிய வீடு என்பதால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாமாம். பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் லாபத்தில் 20 சதவீதம், எடுக்காவிட்டால் 12.5 சதவீதம். எது குறைவோ அதைக் கட்டலாம். நம் வீட்டுக்கு எப்படிப் போட்டாலும் எட்டு லட்சத்துக்கு மேல் வருகிறது. அதற்கென்று இருக்கிற கடன் பத்திரங்களில் (பாண்ட்) போட்டால் வரி குறையும், ஆனால் ஐந்து வருடம் தொட முடியாது, வட்டியும் கம்மி. ஆக, தரகுக் கூலியும் போக 63 லட்சம் கையில் நிற்கும். ஏழு சதவீத வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 4,40,000 ரூபாய்.

வாடகை என்றால் கீழ் வீட்டுக்கு 13,000, மாடிக்கு 9,000. வருடத்துக்கு 2,64,000. அதில் இரண்டு மாத வாடகையை வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், காலியாகக் கிடக்கிற நாட்கள் என்று தனியாக எடுத்து வைத்துவிடுவேன். வீட்டு வரியும் கட்டினால் மிஞ்சுவது 2,10,000-க்குப் பக்கம். புது முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்பதால் வட்டி வந்தாலும் வாடகை வந்தாலும் எனக்கு அந்தக் கவலை கிடையாது. விற்றால் வருடம் இரண்டு லட்சத்துக்கு மேல் கூட வரும். இது தெரிந்துதான் வேண்டாம் என்கிறேன்.

ஏனென்றால், பாப்பா, 67 வயதில் முதல் தடவையாகப் பிள்ளை வீட்டில் குடியிருக்கப் போகிறேன். அண்ணன் தங்கமான பிள்ளை, அண்ணியும் என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள். அவள் திரும்ப வேலைக்குப் போகிறாள், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரே கூரையின் கீழ் வருடக்கணக்கில் இருந்து பார்த்தால்தான் எல்லாருக்கும் ஒத்துவருகிறதா என்று தெரியும். ஒத்துவராவிட்டால் யார் மீதும் வருத்தமில்லாமல் திரும்பி வர எனக்கு ஒரு வீடு வேண்டும். போக இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் நான் அங்கே சுணங்காமல் இருப்பேன். இல்லையென்றால் சின்னச் சின்னப் பேச்செல்லாம் மனதில் தங்கிவிடும். வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். விற்றுவிட்டுப் பிறகு இதே அளவில் ஒன்று வாங்க நினைத்தால் முத்திரைத்தாள் ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம், அதற்கே ஆறரை லட்சம் எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. 63 லட்சம் பேங்கில் இருந்தால் அது இருக்காது. நீங்கள் இரண்டு பேரும் கேட்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். அண்ணனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, நீங்கள் அங்கே வீடு வாங்க முன்பணம் சேர்க்கிறீர்கள். பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியுமா? நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். அப்புறம் உடம்புக்கு ஒன்று என்றால் உங்கள் கையைத்தான் பார்க்க வேண்டும். மாதம் வருகிற வாடகை அப்படிக் கரையாது. அப்பாவுடைய குடும்ப ஓய்வூதியம் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போதும். இது அதற்கு மேலே என் பெயருக்கு வருகிற பணம்.

ஒத்திக்கு விடலாமே என்று உன் சித்தி கேட்டாள். கீழ் வீட்டுக்கு எட்டு லட்சம் தர ஆள் இருக்கிறது, மாத வாடகை கிடையாது, மூன்று வருடம் கழித்து எட்டு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். மதுரையில் இது சகஜம். பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவருக்கு இது நல்லதுதான், ஒன்றரை வட்டிக்குக் கடன் வாங்கினால் மாதம் பன்னிரண்டாயிரம் வட்டி கட்ட வேண்டுமே. எனக்கு அந்த அவசரம் இல்லை. எட்டு லட்சத்தை பேங்கில் போட்டால் வருடம் 56,000 வரும், வாடகையோ 1,56,000. அதோடு, வாங்கிய ஒத்திப் பணத்தைச் செலவழித்துவிட்டு, பழைய ஆளுக்குக் கொடுக்கப் புது ஒத்தி ஆளைத் தேடி அலைகிறவர்களை நம் தெருவிலேயே பார்க்கிறேன்.

பன்னிரண்டு வருடம் இருந்தால் வாடகைக்காரருக்கே வீடு சொந்தமாகிவிடும் என்று உன் மாமனார் சொன்னதாகச் சொன்னாயே, அது அப்படி இல்லை. நம் அனுமதியோடு வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவர் அப்படி உரிமை கொண்டாட முடியாது. காலி செய்ய வைப்பதற்குள் தலைமுறையே போய்விடும் என்கிற பயம் 1960-இல் வந்த பழைய வாடகைச் சட்டக் காலத்தது. 2017-இல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகை என்று அதில் இருக்கிறது. தரகர் பத்து மாதம் கேட்கலாம் என்றார், நான் மூன்றுதான் வாங்குகிறேன். தகராறு வந்தால் தண்ணீரை, கரண்ட்டை நிறுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அந்த மாதிரிக் காரியத்தை நான் எப்படியும் செய்ய மாட்டேன். மாடிக்குத் தனி மீட்டர் இருப்பதால் கரண்ட் பில்லை அவரவரே நேராகக் கட்டிக்கொள்வார்கள், அரசு தருகிற இலவச யூனிட்டும் அவர்களுக்கே போகும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று கூட்டி வாங்குகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது.

ஆள் பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வீடு பார்க்க வருகிறவர்களிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று தரகர் என் எதிரிலேயே கேட்டார். என் வீட்டுக்கு அந்தக் கேள்வி கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு மாற்றலாகிற ஊரிலெல்லாம் நம்மிடமும் இதைத்தான் கேட்டார்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறேன், பதிலைக் கேட்டதும் "வீடு இப்பத்தான் வேற ஆளுக்குப் பேசியாச்சு" என்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் வீடு காலியாகத்தான் கிடக்கும். அதை நான் இன்னொரு குடும்பத்துக்குச் செய்ய மாட்டேன். நான் கேட்பது மூன்றுதான்: என்ன வேலை, எத்தனை பேர், முன்னால் இருந்த வீட்டுக்காரர் நம்பர்.

கீழே ஒரு ஆசிரியர் குடும்பம் வருகிறது. மாடிக்கு இரண்டு பெண் பிள்ளைகள், டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிறார்கள். நத்தம் ரோட்டில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததிலிருந்து நாராயணபுரம் வரைக்கும் இந்த மாதிரிப் பிள்ளைகள் வீடு தேடுகிறார்கள். கல்யாணம் ஆகாத பெண்களுக்குத் தனியாக வீடு கொடுப்பதா என்று எதிர் வீட்டில் கேட்டார்கள். நீ சென்னையில் முதல் வேலைக்குப் போனபோது வீடு கிடைக்காமல் என்ன பாடு பட்டாய். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், அப்பா அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கொடுத்துவிட்டேன்.

மூன்று வருடத்தில் எனக்குக் கோயம்புத்தூர் பழகிவிட்டால், அல்லது மேல்தளத்தில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு விழுந்து பெரிய செலவு வந்தால், அப்போது விற்போம். நானே சொல்வேன், நீ தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டாம். மூலப் பத்திரம், பட்டா எல்லாம் பேங்க் லாக்கரில் இருக்கின்றன, சாவி அண்ணனிடம்.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வீட்டு வரியை ஏப்ரல் கடைசிக்குள்ளும் அக்டோபர் கடைசிக்குள்ளும் கட்டினால் ஐந்து சதவீதம் குறைப்பார்கள். ஆன்லைனில் நீதான் கட்ட வேண்டும், பணம் நான் அனுப்பிவிடுவேன். ஒப்பந்தத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். மாப்பிள்ளையிடமும் காட்டு. ஏதாவது விட்டுப்போயிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல், சனிக்கிழமை கையெழுத்து.

அன்புடன்,
அம்மா